மண்ணால் எழுந்த மதில்கள்

தெற்கு வெள்ளாறு மணமேல்குடிக்கு அருகே பாக் நீரிணையில் கலக்கிறது. கட்டுமாவடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே வந்தால் மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் என்று கடலோர ஊர்கள் வரிசையாக வருகின்றன. ஆற்றை எதிர்த்து உள்ளே போனால் அறந்தாங்கி, அதற்கும் மேற்கே புதுக்கோட்டை. பேருந்தில் ஒரே நாளில் போய்த் திரும்பிவிடலாம். இந்தச் சிறிய வட்டாரத்துக்குள் தமிழகத்துக் கோட்டை வரலாற்றின் ஏறக்குறைய எல்லாக் கட்டங்களுக்கும் சான்று உண்டு. சங்க கால மண்மதில், பாண்டியர் காலப் படைப்பற்று ஊர்கள், சேதுபதிகள் எழுப்பிய கற்கோட்டை, கும்பினியாரிடம் (கிழக்கிந்தியக் கம்பெனி) வாதாடி வாங்கிய கோட்டை என எல்லாமே இங்கே இருக்கின்றன.

கோட்டை என்றதும் செஞ்சியும் வேலூரும் திருமயமும்தான் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருகின்றன. கருங்கல் சுவர், கொத்தளம், உச்சியில் பீரங்கி. இந்தக் கற்கோட்டைகள் வயதில் மிக இளையவை. அவற்றுக்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் முன்பே இந்த மண்ணில் கோட்டைகள் இருந்தன. மண்ணை வெட்டிக் குவித்து, செம்புராங்கல் இட்டு இறுக்கி, செங்கல் வைத்து எழுப்பிய கோட்டைகள் அவை. வரலாற்றுக்கு அவை சொல்லக்கூடிய செய்தியும் கற்கோட்டைகள் சொல்வதைவிட அதிகம். எளிதில் அழிந்துபோவதும் அவைதான்.

பொற்பனைக்கோட்டையிலிருந்தே தொடங்கலாம். புதுக்கோட்டை நகருக்குக் கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது இந்த ஊர். பொன்னாய்க் காய்த்த பனைமரத்தைப் பற்றி ஊரில் ஒரு கதை உண்டு; பொற்பனை முனீசுவரர் கோயில் சுற்று வட்டாரம் முழுவதும் தெரிந்த ஒன்று. கோயிலுக்கு வருகிறவர்கள் வழியில் உயர்ந்து நிற்கும் மண்மேட்டைச் சாதாரணக் கரை என்றே நினைக்கக்கூடும். அந்த மேடு வளைந்து வளைந்து போய், புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறது. சுற்றளவு ஒன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். உள்ளே அடங்கிய பரப்பு ஏறக்குறைய 45 ஏக்கர். மேட்டுக்கு வெளியே அகழியின் தடம். உள்ளே அரண்மனைத் திடல் என்று ஊரார் அழைக்கும் உயர்ந்த நிலம்.

இந்த ஊரின் மீது அறிஞர்களின் கவனம் திரும்பியது 2012இல் இங்கே ஒரு நடுகல் கிடைத்தபோதுதான். அதில் தமிழி (தமிழ் பிராமி) எழுத்துகள் இருந்தன. ஆநிரைப் பூசலில் இறந்துபட்ட வீரனுக்கு எடுத்த கல் அது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த கற்களுக்குப் பிறகு தமிழி எழுத்துள்ள நடுகற்கள் மிகச் சிலவே வெளிப்பட்டிருந்தன. அப்படிப்பட்ட அரிய கல் ஒன்று வட்டக் கோட்டை உள்ள ஊரிலேயே கிடைத்தது, இரண்டையும் சேர்த்துப் படிக்கத் தூண்டியது. கோட்டையை முறையாக அகழ வேண்டும் என்று புதுக்கோட்டை தொல்லியல் ஆய்வுக் கழகம் தொடர்ந்து குரல் கொடுத்தது. விவகாரம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை போனது. 2021இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பேராசிரியர் இனியன் தலைமையில் அகழாய்வு நடத்தியது. 2023 மே மாதம் மாநிலத் தொல்லியல் துறை முனைவர் தங்கதுரையை இயக்குநராகக் கொண்டு முதல் கட்டப் பணியைத் தொடங்கியது. 2024 ஜூனில் இரண்டாம் கட்டம் தொடங்கியது.

கிடைத்தவை என்ன? பொன்னால் ஆன மூக்குத்தி ஒன்று, எடை ஏறக்குறைய கால் கிராம். சூதுபவள மணி. எலும்பில் தீட்டிய கூர்முனைக் கருவி. கண்ணாடி மணிகள், வளையல் துண்டுகள், நூல் நூற்கும் தக்களி, மெருகேற்றும் கல், பிள்ளைகள் ஆடும் வட்டச் சில்லு, கறுப்பு சிவப்புப் பானை ஓடுகள். கூடவே செங்கல் கட்டுமானத்தின் எச்சம்.

இந்தப் பட்டியலில் வாளும் வேலும் முன்னே நிற்கவில்லை. நெசவு, மணி, நகை, சமையல், விளையாட்டு என்று ஒரு குடியிருப்பின் அன்றாடமே மேலெழுந்து வருகிறது. சூதுபவளம் புதுக்கோட்டை மண்ணில் விளையும் கல் இல்லை. மேற்கு இந்தியாவின் குஜராத், மகாராட்டிரப் பகுதிகளே அந்தக் கல்லுக்குப் பெயர்பெற்றவை. ஆகவே மதிலுக்குள் இருந்தவர்கள் தொலைதூர வணிகத்தோடு தொடர்புடையவர்கள். கோட்டைச் சுற்றுப்புறத்தில் இரும்பு உருக்கிய தடயங்களும் உண்டு. செம்புராங்கல் நிறைந்த நிலத்தில் இரும்புத் தாதுக்குப் பஞ்சமில்லை. போரை மட்டும் மனத்தில் வைத்துக் கட்டிய பாசறை இது என்று சொல்வதற்கு இந்தச் சான்றுகள் இடம் தரவில்லை. ஊரையும் தொழிலையும் சரக்கையும் உள்ளே வைத்துக் காத்த மதில் என்றே கொள்ளத் தோன்றுகிறது.

மதிலைக் கட்ட எவ்வளவு உழைப்பு தேவைப்பட்டிருக்கும்? ஒரு மதிப்பீட்டுக்காக மட்டும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அடியில் 16 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரம், முக்கோண வடிவம் என்று வைத்துக்கொண்டால் குறுக்குவெட்டு 40 சதுர மீட்டர். சுற்றளவு 1,600 மீட்டர் என்றால் மொத்த மண் 64,000 கன மீட்டர். மண்வெட்டியும் கூடையுமாக ஓர் ஆள் ஒரு நாளில் ஒரு கன மீட்டர் மண்ணை வெட்டிச் சுமந்து கொட்டினால், 640 பேர் நூறு நாள் வேலை செய்ய வேண்டும். ஆளுக்கு நாளைக்கு அரைக் கிலோ அரிசி என்றால் 32 டன் அரிசி. நூறு நாள் வேலைத் திட்டத்தில் கண்மாய் வெட்டியவர்களுக்கு இந்தக் கணக்கின் கனம் சட்டென்று விளங்கும். அத்தனை பேரை ஒரு கோடையில் ஓரிடத்தில் கூட்டி, சோறு போட்டு, அளவு சொல்லி வேலை வாங்க ஓர் அதிகாரம் வேண்டும், உபரி நெல் வேண்டும், நீர்நிலை வெட்டிப் பழகிய கைகளும் வேண்டும். கோட்டை கட்டத் தெரிந்தவர்களும் ஏரிக்கரை போடத் தெரிந்தவர்களும் ஒரே ஆட்களாகத்தான் இருந்திருப்பார்கள். அகழியிலிருந்து வெட்டிய மண்ணே மதிலாகிறது. மதிலுக்காக வெட்டிய பள்ளமே நீர் தேக்குகிறது. வானம் பார்த்த பூமியான புதுக்கோட்டைச் சீமையில் அகழி நீர் படையைத் தடுப்பதற்கு மட்டும் பயன்பட்டிருக்காது.

சங்க இலக்கியத்தைக் கையில் எடுத்தால் இந்தப் படம் இன்னும் விரிகிறது. மதில், எயில், இஞ்சி, புரிசை, ஞாயில், கிடங்கு, மிளை என்று கோட்டையின் ஒவ்வோர் உறுப்புக்கும் சொல் வைத்திருந்த மொழி இது. மதிலை முற்றுகையிடுவதற்கு உழிஞை என்றே ஒரு திணை வகுத்தது தொல்காப்பியம். உள்ளிருந்து காக்கும் நொச்சியைப் பின்னர் புறப்பொருள் வெண்பாமாலை தனித் திணையாகப் பிரித்தது. திருக்குறள் அரணுக்குத் தனி அதிகாரம் ஒதுக்கி, தெளிந்த நீரும் வெட்டவெளியும் மலையும் அடர்ந்த காடும் சேர்ந்ததே அரண் என்கிறது. நான்கில் கட்டடம் எதுவுமே இல்லை என்பது கவனிக்கத்தக்கது. அடுத்த குறளில்தான் உயரம், அகலம், உறுதி, நெருங்க முடியாமை என்று மதிலின் இலக்கணம் வருகிறது. நிலத்தின் அமைப்பே முதல் காவல், சுவர் அதற்குப் பிறகுதான் என்ற இந்த வரிசை எந்தப் படைத்தலைவனும் ஒப்புக்கொள்ளக்கூடியது.

மணமேல்குடி வட்டாரத்துக்குத் தென்மேற்கே, சிவகங்கை மாவட்டத்துக் காளையார்கோயில்தான் சங்கப் பாடல்களின் கானப்பேரெயில். வேங்கைமார்பன் காத்த அந்தக் கோட்டையை உக்கிரப்பெருவழுதி வென்றதைப் புறநானூற்றின் 21ஆம் பாட்டு பேசுகிறது. ஐயூர் மூலங்கிழார் அங்கே காட்டும் கோட்டைக்கு மூன்று அடுக்குக் காவல். பாதாளத்தைத் தொடும் ஆழத்தில் அகழி, வானளாவும் மதிலும் அதன்மேல் விண்மீன் போன்ற ஞாயில்களும், கதிர் நுழையாத காவற்காடு. புலவரின் மிகையைக் கழித்துவிட்டாலும் அமைப்பு மிகத் துல்லியம்: வெளியிலிருந்து பார்த்தால் காடு, பள்ளம், சுவர். இன்றும் காளையார்கோயிலில் பாண்டியன் கோட்டை என்று வழங்கும் வட்டமான மேடும் அகழித் தடமும் உள்ளன. அங்கே தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடும் கிடைத்திருக்கிறது. பொற்பனைக்கோட்டையின் அமைப்பை இதனோடு வைத்துப் பார்க்கும்போது, வட்ட மண்மதிலும் நடுவில் மேடும் நீர்நிலையும் கொண்ட ஒரு கோட்டை வகை இந்தப் பகுதியில் பரவியிருந்ததோ என்ற கேள்வி வலுவாக எழுகிறது. முறையாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி அது.

முற்றுகையின் உள்பக்கம் எப்படியிருந்தது என்பதைப் புறநானூற்றின் 44ஆம் பாட்டைப் போல வேறெதுவும் சொல்லவில்லை. நலங்கிள்ளி ஆவூரை முற்றுகையிட்டிருக்கிறான். உள்ளே நெடுங்கிள்ளி கதவை அடைத்துக்கொண்டு கிடக்கிறான். இருவருமே சோழர். கோவூர் கிழார் உள்ளே நடப்பதை ஒவ்வொன்றாகக் காட்டுகிறார். யானைகளைக் குளத்துக்கு ஓட்டிப்போக வழியில்லை. நெய்யிட்டு மிதித்த கவளமும் இல்லை. அவை கட்டுத்தறியில் திமிறுகின்றன, தரையில் துதிக்கை புரளப் பிளிறுகின்றன. பால் இல்லாமல் குழந்தைகள் அழுகின்றன. பெண்கள் பூவில்லாத தலையை அப்படியே முடிகிறார்கள். வீட்டில் தண்ணீர் இல்லை என்று கூக்குரல் எழுகிறது. அறவழி என்றால் உனதே என்று சொல்லிக் கதவைத் திற, மறவழி என்றால் போரிடத் திற, இரண்டும் செய்யாமல் சுவருக்குள் ஒடுங்கிக் கிடப்பது நாணத்தக்கது என்று முகத்துக்கு நேரே சொல்கிறார் புலவர். யானையின் பசியிலிருந்து குழந்தையின் பசிக்கும், அங்கிருந்து குடிநீருக்கும் போகும் அந்த வரிசை, கோட்டை எதனால் வீழ்கிறது என்பதை எந்தப் போர்நூலையும்விடத் தெளிவாகச் சொல்கிறது. தண்ணீரும் தீவனமும் தீர்ந்துபோனால் மதில் எவ்வளவு உயரமிருந்தாலும் வீண்.

நிலையான கோட்டை ஒருபுறம். படையோடு நகரும் தற்காலிக அரண் மறுபுறம். நப்பூதனாரின் முல்லைப்பாட்டு காட்டும் பாசறை இந்த இரண்டாம் வகை. காட்டை வெட்டித் திருத்தி, முள்ளால் வேலியிட்டு, தழை வேய்ந்த கூடாரங்களைத் தெருக்களாக அமைத்து, நாற்சந்தியில் யானையைக் காவல் நிறுத்தி, நாழிகை வட்டிலில் நேரம் பார்த்துச் சொல்ல ஆள் வைத்து ஓர் ஊரே எழும்புகிறது. யவனர் காவல் புரிகிறார்கள். ரோமானியப் படைகள் நாள்தோறும் தங்கும் இடத்தில் பள்ளம் வெட்டி, கரை கட்டி, ஒரே ஒழுங்கில் கூடாரமிட்டன என்பது உலகம் அறிந்த செய்தி. பிரிட்டனில் அப்படிப்பட்ட பாசறைகளின் தடங்கள் வானிலிருந்து எடுத்த படங்களில் ஏராளமாகத் தெரிகின்றன. தமிழகத்தில் முள்வேலிப் பாசறையின் தடத்தை மண்ணில் தேடும் முயற்சி இனிமேல்தான் வலுப்பெற வேண்டும்.

வெளியுலகில் மண்கோட்டை ஆய்வு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதற்கு ஒரு பெயரைச் சொன்னால் போதும்: மார்ட்டிமர் வீலர். 1945இல் அரிக்கமேட்டை அகழ்ந்து தமிழகத்தின் ரோமானியத் தொடர்பை உலகுக்குக் காட்டியவர். இந்தியாவுக்கு வருவதற்கு முன், 1934 முதல் 1937 வரை, இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் மெய்டன் காசில் என்ற மாபெரும் மண்கோட்டையை அகழ்ந்தார். அதன் உள்பரப்பு ஏறக்குறைய 47 ஏக்கர், பொற்பனைக்கோட்டையின் அளவுதான். கிழக்கு வாசலில் எலும்புக்கூடுகள் கிடைத்தன. சிலவற்றில் வெட்டுக்காயம், ஒன்றின் முதுகெலும்பில் இரும்பு முனை. ரோமானியத் தளபதி வெஸ்பாசியனின் படை கோட்டையை உடைத்து மக்களைக் கொன்று குவித்த காட்சி இது என்று வீலர் எழுதினார். அந்த எழுத்தின் ஆற்றலால் அது பல காலம் பாடநூல் உண்மையாக நின்றது. 1980களில் மறுபடியும் அகழ்ந்தார்கள், எலும்புகளை மீண்டும் ஆராய்ந்தார்கள். அவர்கள் எல்லோரும் ஒரே நாளில் ஒரே போரில் இறந்தவர்கள் இல்லை, பலர் ஒழுங்கான சடங்கோடு அடக்கம் செய்யப்பட்டவர்கள் என்ற முடிவு வலுவானது. கோட்டை என்று ஒன்று கிடைத்தவுடனேயே முற்றுகையையும் படுகொலையையும் கற்பனை செய்துவிடும் பழக்கத்துக்கு இது நல்ல எச்சரிக்கை. பொற்பனைக்கோட்டையைப் பற்றி எழுதும்போதும் எந்த மன்னன், எந்தப் போர் என்று அவசரமாகப் பெயர் ஒட்டாமல் இருப்பதே நல்லது.

வீலர் பழக்கிய முறைப்படி பி.பி. லால் 1948இல் ஒடிசாவில் புவனேசுவரத்துக்கு அருகே சிசுபால்கர் கோட்டையை அகழ்ந்தார். பக்கத்துக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் சதுரக் கோட்டை அது. லால் மதிலையே குறுக்கே வெட்டினார். முதலில் களிமண் கரை. அடிப்பகுதி முப்பது மீட்டருக்கும் மேல் அகலம். அதன் மேல் செம்புராங்கல் சரளை ஓர் அடுக்கு. பிறகு செங்கல்லில் தாங்குசுவர். ஒவ்வொரு அடுக்குக்கும் இடையில் காலம் ஓடியிருக்கிறது. மழையில் கரைவதைத் தடுக்கச் சரளை, சரிவதைத் தடுக்கச் செங்கல் என்று ஒவ்வொரு தலைமுறையும் முந்தைய தலைமுறையின் மதிலைச் செப்பனிட்டுக்கொண்டே வந்திருக்கிறது. மண், செம்புராங்கல், செங்கல் என்ற இதே மூன்று பொருள்கள்தான் புதுக்கோட்டைச் சீமையிலும் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தன.

மதிலைக் குறுக்கே வெட்டுவது எளிய வேலையன்று. திடலின் நடுவில் போடும் நாலு மீட்டர் குழியில் நகையும் மணியும் கிடைக்கும், செய்தித்தாளில் படம் வரும். மதிலில் போடும் குழியில் பெரும்பாலும் மண்தான் கிடைக்கும். ஆனால் கோட்டையின் வயது அந்த மண்ணில்தான் இருக்கிறது. மதிலுக்கு அடியில் புதைந்துபோன பழைய நிலமட்டத்தில் உள்ள கரித்துண்டு, மதில் எழுவதற்கு முந்தைய காலத்தைச் சொல்லும். மதில் மண்ணுக்குள் கலந்திருக்கும் பானை ஓட்டில் மிகப் பிந்தியது எதுவோ, அதற்குப் பிறகே மதில் எழுந்திருக்க வேண்டும். மணல் துகள் கடைசியாக எப்போது வெயிலைப் பார்த்தது என்று அளக்கும் ஒளித்தூண்டல் முறை இப்போது வந்துவிட்டது. மண்மதிலுக்கு அதைவிடப் பொருத்தமான முறை இல்லை. அகழியில் படிந்த வண்டலில் மகரந்தம் இருந்தால் சுற்றிலும் என்ன காடு இருந்தது, என்ன பயிர் விளைந்தது என்பதும் தெரியவரும். புலவர்கள் பாடிய காவற்காடு உண்மையில் என்ன மரம் என்பதற்குக்கூட அங்கே விடை கிடைக்கலாம்.

கடலோரக் கோட்டைகளை அகழ்ந்து படிப்பதற்குக் கடலுக்கு அக்கரையில் நல்ல முன்மாதிரிகள் உண்டு. மணமேல்குடிக் கரைக்கு எதிரே பாக் நீரிணையின் மறுபக்கம் இலங்கை. மன்னாருக்கு அருகே திருக்கேதீச்சரத்தைத் தொட்டுக் கிடக்கும் மாந்தை என்ற மாதோட்டத் துறைமுகத்தைக் குதிரை லாட வடிவில் இரட்டை அகழி சுற்றியிருந்தது. 1980களில் ஜான் கார்ஸ்வெல் அங்கே அகழாய்வு நடத்தினார். அரசனின் தலைநகர்தான் அகழி வெட்டிக்கொள்ள வேண்டும் என்பதில்லை, சரக்கு குவிந்த துறைமுகத்துக்கும் அது தேவைப்பட்டது என்பதை மாந்தை காட்டுகிறது. யாழ்ப்பாணக் கோட்டையின் கதை வேறு. 1619இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய போர்த்துகீசியர் தொடங்கிய இடத்தில், 1658க்குப் பின் வந்த ஒல்லாந்தர் ஐங்கோணக் கோட்டை எழுப்பினர். அந்தக் கோட்டைக்குள் பேராசிரியர் பரமு புஷ்பரட்ணம் போன்றோர் அகழ்ந்தபோது, ஐரோப்பியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முந்தைய வணிகக் குடியிருப்பின் எச்சங்கள் வெளிப்பட்டன.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு மணமேல்குடி வட்டாரத்துக்குத் திரும்ப வேண்டும். கோட்டைப்பட்டினம் என்ற பெயரை மட்டும் வைத்து அங்கே கோட்டை இருந்தது என்று முடிவு கட்டிவிட முடியாது. ஆனால் வெள்ளாற்று முகத்துவாரம் வரலாற்றில் வெறுமனே கிடந்த இடமில்லை. சங்கப் பாடல்கள் பேசும் வேள் எவ்வியின் மிழலைக் கூற்றம் ஆவுடையார்கோயில் பகுதியைச் சார்ந்தது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் அதை வென்றதை மாங்குடி கிழார் பாடுகிறார். ஏழாம் நூற்றாண்டில் நின்றசீர் நெடுமாற பாண்டியனின் அமைச்சராக இருந்த குலச்சிறை நாயனார் மணமேல்குடிக்காரர். ஆவுடையார்கோயிலுக்கு அருகே அம்பலத்திடலில் முதுமக்கள் தாழிகளும் குறியீடு கீறிய பானை ஓடுகளும் கிடைத்திருக்கின்றன. கடல், ஆறு, பழைய குடியிருப்பு மூன்றும் சேர்ந்த இந்த நிலத்தில் பொற்பனைக்கோட்டைக்கு வந்த சூதுபவளம் எந்த வழியாக வந்தது என்று கேட்பது நியாயமான கேள்வி.

சங்க காலத்துக்கும் பதினேழாம் நூற்றாண்டுக்கும் இடையிலான நீண்ட காலத்தைச் சுருக்கமாகவே கடக்கலாம், கோட்டைக்கான கட்டடச் சான்று இங்கே குறைவு என்பதால். பாதுகாப்பு வேறு வடிவங்களுக்கு மாறியிருந்தது. பிற்காலப் பாண்டியர் கால, அதற்குப் பிந்தைய புதுக்கோட்டைக் கல்வெட்டுகளில் படைவீரர் குடியிருந்த ஊர்கள் படைப்பற்று என்று வருகின்றன. ஊரைக் காப்பவருக்குத் தரும் பாடிகாவல் உரிமையும், அஞ்சி ஓடிவந்தோருக்கு அடைக்கலம் தரும் அஞ்சினான் புகலிடமும் கல்லில் வெட்டப்பட்டன. பெரிய கோயில்களின் உயர்ந்த திருமதில்களே கோட்டையாகப் பயன்பட்டன. பதினெட்டாம் நூற்றாண்டுக் கருநாடகப் போர்களில் திருவரங்கம் கோயிலில் பிரெஞ்சுப் படை தங்கியது. 1772இல் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கும்பினிப் படையால் கொல்லப்பட்டதும் காளையார்கோயிலில்தான்.

பீரங்கி வந்தபின் கற்கோட்டையின் காலம். திருமயம் கோட்டையை 1687இல் இராமநாதபுரத்துச் சேதுபதி எழுப்பினார் என்பது மரபு. பிறகு அது புதுக்கோட்டைத் தொண்டைமான் வசமானது. பாறைக் குன்றைச் சுற்றி அடுக்கடுக்காக மதில்கள், உச்சியில் இன்றும் ஒரு பீரங்கி. குன்றின் அடியில் கோட்டையைவிட ஆயிரம் ஆண்டு மூத்த குடைவரைகள். அறந்தாங்கிக் கோட்டை தஞ்சைக்கும் இராமநாதபுரத்துக்கும் இடையே பலமுறை கைமாறியது. கீழாநிலைக்கோட்டையின் கதை இன்னும் சுவையானது. தன் சேவைகளுக்குப் பரிசாக அந்தக் கோட்டையின் மீதான உரிமையை ஏற்குமாறு தொண்டைமான் 1803இல் கும்பினி அரசிடம் கேட்டார். இலண்டன் இயக்குநர்கள் 1806இல் உறுதி செய்தனர். நிபந்தனை, கோட்டையை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது. ஆண்டுக்கு ஒரு யானை கப்பமாகத் தர வேண்டும். யானையை யாரும் வற்புறுத்திக் கேட்கவில்லை. 1836இல் அந்தக் கடமையும் நீக்கப்பட்டது. அந்தச் சேவைகளில் பாளையக்காரருக்கு எதிரான உதவியும் அடக்கம் என்பதை இந்தக் கோட்டையைப் பார்க்கப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதே பாளையக்காரர் போரில்தான் மண்மதில் தன் கடைசிப் பெரும் சோதனையைச் சந்தித்தது. 1799இல் கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை வீழ்ந்து, அக்டோபர் 16 அன்று கயத்தாறில் அவர் தூக்கிலிடப்பட்டார். 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய அவர் தம்பி ஊமைத்துரையும் அவரைச் சேர்ந்தவர்களும் இடிந்து கிடந்த கோட்டையைச் சில நாள்களிலேயே மீண்டும் எழுப்பினார்கள். மார்ச் 31 அன்று கும்பினிப் படை தாக்கியது. பீரங்கி இருந்தும் பெரும் இழப்போடு திரும்பியது. கூடுதல் படையும் பீரங்கியும் வந்து சேர்ந்த பிறகு, மே 24 அன்றுதான் கோட்டை விழுந்தது. ஏறக்குறைய இரண்டு மாதம் ஒரு மண்சுவர் அந்தக் காலத்தின் சிறந்த படை ஒன்றைத் தடுத்து நிறுத்தியிருக்கிறது. கல் மீது குண்டு விழுந்தால் கல் உடைந்து சிதறும். தடித்த மண்ணில் குண்டு புதைந்துபோகும். இடிந்தாலும் இரவோடு இரவாக மண் கொட்டி அடைத்துவிடலாம். ஐரோப்பியக் கோட்டைக் கலையும் பீரங்கி வந்தபின் உயர்ந்த கற்சுவரை விட்டுத் தாழ்ந்த, தடித்த மண்கரைக்கே மாறியது. சங்க காலத்து ஆட்கள் கூடை சுமந்து கட்டிய தொழில்நுட்பம் காலாவதியான ஒன்றாக இருக்கவில்லை.

இடித்த பிறகு பாஞ்சாலங்குறிச்சியை உழுது தரைமட்டமாக்கினார்கள். மண்கோட்டையை அழிக்க வெடிமருந்து வேண்டாம், ஏரும் மண்வெட்டியும் போதும் என்பது அன்றே தெரிந்திருந்தது. இன்று ஏருக்குப் பதில் ஜேசிபி. சாலைக்கு மண், மனைக்கு மண், சூளைக்கு மண் என்று புதுக்கோட்டை மாவட்டத்தில் மேடுகள் கரைந்துகொண்டே வருகின்றன. தைலமரக் கன்று நட ஆழ உழும்போது மேலடுக்கில் இருக்கும் பானை ஓடுகள் எல்லாக் காலத்தவையும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. எகிப்தியர் நூபியாவில் கி.மு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுடாத செங்கல்லால் கட்டிய புகென் கோட்டை நைல் நதியின் அணைத் தண்ணீரில் மூழ்குவதற்கு முன், 1957 முதல் 1964 வரை வால்டர் எமரி அதை அகழ்ந்து அகழி, அம்புத் துளை, வாசல் கோபுரம் எல்லாவற்றையும் பதிந்துவைத்தார். கோட்டை போனாலும் அறிவு மிஞ்சியது. இங்கே மேடு கரையும்போது அப்படி ஒரு பதிவும் மிஞ்சுவதில்லை.

திருமயம் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. சுற்றி 100 மீட்டருக்குள் கட்டடம் எழுப்பத் தடை. 1966ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தின்கீழ் மாநில அரசும் பழமையான இடங்களைப் பாதுகாக்கப்பட்டவையாக அறிவிக்க முடியும். இந்த அறிவிப்பு மதிலின் ஒரு துண்டுக்கு மட்டும் கிடைத்தால் போதாது. வட்டம் முழுவதும், அகழியும், வெளியே உள்ள இரும்பு உருக்கிய நிலமும் சேர்ந்ததுதான் கோட்டை. கிராம நிர்வாக அலுவலகத்தின் பழைய புல வரைபடங்களில் கோட்டைமேடு, திடல், அகழி, கிடங்கு என்று பதிவாகியிருக்கும் நிலங்களைத் தனியே எடுத்து, மண் எடுக்க அனுமதி தருவதற்கு முன் தொல்லியல் துறையின் கருத்தைக் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியமில்லை. ட்ரோனில் பொருத்தும் லேசர் அளவைக் கருவி புதருக்கு அடியில் இரண்டடி உயரமே மிஞ்சியிருக்கும் கரையைக்கூடக் காட்டிக்கொடுக்கும். ஒரு வளைகோடு படத்தில் தெரிந்தால், அங்கே மதிலைக் குறுக்கே ஒரு குழி, அகழியில் ஒரு குழி, உள்ளே திடலில் ஒரு குழி.

வெள்ளாற்றின் இரு கரையிலும், அறந்தாங்கியிலிருந்து மணமேல்குடி வரை, பிறகு கடலோரமாக மீமிசல் வரை, இந்த வேலையைத் தொடங்கலாம். கோடையில், கண்மாய்கள் வற்றி நிலம் திறந்து கிடக்கும் மாதங்களில், பானை ஓடு எங்கே அடர்ந்து கிடக்கிறது என்று ஆடு மேய்ப்பவர்களைக் கேட்டாலே பாதி வரைபடம் தயாராகிவிடும்.